அறவிலை: கூலவாணிகரின் காப்பியமும் ஒரு மளிகைக் கடைக்காரரின் கேள்வியும்

வார இறுதியில் எஸ்.பி.எம். இலக்கிய மாணவர்களுக்கு வகுப்பு நடத்தும்போது, சங்கப் புலவர் பெயர்களைச் சொல்லி வருகையில் ஓரிடத்தில் தவறாமல் சிரிப்பொலி எழும். 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்னும் பெயரே அவ்விடம். "அறுவைச் சிகிச்சையை விலைக்கு விற்றவரா, ஐயா?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவன் கேட்டான். அறுவை என்பது பண்டைத் தமிழில் ஆடையைக் குறிக்கும் சொல். தறியிலிருந்து அறுத்து எடுக்கப்படுவதால் அப்பெயர் பெற்றது. இளவேட்டனார் துணி வணிகர் என்று விளக்கினேன். மாணவர்கள் சிரித்து முடித்தார்கள். எனக்கோ அந்தக் கேள்வி நெடுநாள் மனத்தில் நின்றது. மருத்துவமும் வணிகமும் ஒரு சொல்லில் இப்படி முட்டிக்கொள்வதைக் கேட்டபோது, பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த வேறொரு கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்கு நான் அன்று சொன்ன விடை சரியானதன்று. அந்த விடையைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை. மணிமேகலையைத் துணைக்கொண்டு அதைச் செய்ய முனைகிறேன்.

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்பாங் பெச்சா வட்டாரத்தில், தோட்டம் ஒன்றின் நுழைவாயிலருகே மளிகைக் கடை வைத்திருந்தவர் ஒருவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர். ஆறாம் படிவத்தில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். தந்தை திடீரென மறைந்ததால் கடை அவர் தலையில் விழுந்தது. ஏழெட்டு ஆண்டுகள் கடையைத் திறம்பட நடத்தினார். பின்னர் ஒரு மாலை, நான் தலைமையாசிரியர் பொறுப்பேற்ற புதிதில், பள்ளிக்கு வந்து, "ஐயா, கடையை விட்டுவிட்டு மருத்துவம் படிக்கப் போகலாமா என்று எண்ணுகிறேன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நான் சற்றும் தயங்கவில்லை. "கடையை யாரும் நடத்தலாம், தம்பி. டாக்டராக எல்லோராலும் முடியுமா? போய் வா" என்றேன்.

அப்படிச் சொன்னபோது என் மனத்தில் அவர் இல்லை. பள்ளி ஆண்டு மலரில் 'நம் பள்ளியின் முதல் மருத்துவர்' என்று அச்சிடப்படப் போகும் வரி இருந்தது. இதை இன்று ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணம் உண்டு. ஆயினும் ஆசிரியர்கள் பலர்க்கும் இந்த நோய் உண்டென்பதால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் 'எனது இலட்சியம்' என்று தலைப்புக் கொடுத்தால் முப்பது பிள்ளைகளில் இருபது பேர் மருத்துவர் ஆவோம் என்று எழுதுகிறார்கள். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வோம் என்ற வாக்கியமும் தவறாமல் வரும். மளிகைக் கடை வைப்பேன் என்று எழுதிய பிள்ளையை முப்பது ஆண்டுகளில் நான் கண்டதில்லை, அப்பிள்ளைகளுள் சிலர் கடைக்காரரின் மக்களாக இருந்தபோதிலும். அந்த வாக்கியத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மணிமேகலையை இயற்றியவரை 'மதுரைக் கூலவாணிகன் சாத்தன்' என்று மரபு குறிக்கிறது. கூலம் என்பது நெல், வரகு, தினை முதலிய தானியங்கள். ஆகவே, தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று தானியக் கடைக்காரர் ஒருவரின் ஆக்கம். இவரும் சங்கத்துச் சீத்தலைச் சாத்தனாரும் ஒருவரா, இருவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பதே பொருந்தும். பிறர் பாட்டில் குற்றம் கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையைக் குத்திக்கொண்டதால் அது சீழ்த்தலை ஆயிற்று என்பது பின்னாளில் கட்டிய கதை. ஆனால் அக்கதையில் ஒரு சுவை உண்டு. திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள பாட்டு, சுக்கும் தேனும் கலந்து முகரும் தலைவலி வைத்தியத்தைச் சொல்லி, சாத்தனாரின் தலைக்குத்து மட்டும் திருக்குறளால் தீர்ந்தது என்கிறது. வணிகப் புலவரின் நோயை மருத்துவப் புலவர் கவனித்த காட்சி அது. சுக்கும் தேனும் மளிகைக் கடைச் சரக்கு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

உ.வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தது முதல் அதனைத் துறவுக் காப்பியம் என்றும், பௌத்த சமய நூல் என்றும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வகுப்பறையில் பசிக்கொடுமை பற்றிய அடிகளை மட்டும் எடுத்து அன்னதானப் பேச்சுக்குப் பயன்படுத்திவிட்டு, எஞ்சியதைச் சமய வாதமென ஒதுக்குகிறோம். துறவு நூல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், துறவிகள் பலர் தொழிலை விட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். பட்டினத்தார் கதையில் பெருவணிகர் செல்வத்தைத் துறந்து கோவணத்தோடு தெருவில் நிற்கிறார். மணிமேகலை அப்படிப் போகவில்லை. அவள் கையில் ஒரு பாத்திரம் இருக்கிறது; செய்வதற்கு ஒரு பணி இருக்கிறது; அப்பணியைக் காப்பியம் மருத்துவமாகவே கருதுகிறது. பசியைப் 'பிணி' என்றும், அதைத் தீர்ப்பவரை மருத்துவர் என்றும் சொல்லும் மரபு புறநானூற்றிலேயே உண்டு. சிறுகுடி கிழான் பண்ணனை ஒரு சோழ வேந்தன் அவ்வாறு பாராட்டுகிறான். அந்த உருவகத்தைப் பிடித்து, முப்பது காதைகளில் ஒரு பெண்ணின் வாழ்க்கையாக விரித்தவர் சாத்தனார். ஆகவே மணிமேகலையைத் தொழில் மாற்றத்தின் காப்பியம் என்று படித்தல் தகும்.

அவள் விட்டு வந்த தொழில் எது? தாய்வழியில் கணிகையர் குலம். சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை சொல்லப்பட்டதையும், கோவலன் அதைக் கொடுத்து வாங்கியதையும் நாம் அறிவோம். தந்தைவழியிலோ புகார்ப் பெருவணிகன் மாசாத்துவானின் குடி. இரு வழியிலும் விலை பேசும் வாழ்க்கையில் பிறந்தவள் அவள். புகார் வணிகர் அனைவரையும் இழித்துப் பேச இடமில்லை. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் நடுவுநிலை தவறாது வாழ்ந்தவர்கள் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகிறது. சாத்தனாரும் தம் குலத் தொழிலை எங்கும் பழிக்கவில்லை. அவர் கேட்கும் கேள்வி வேறு.

அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வரும் காதையில் 'அறவிலை' என்று ஒரு சொல் வருகிறது. கைம்மாறு செய்ய வல்லவர்க்குக் கொடுப்பவர் அறத்தை விலைக்கு விற்பவர். கைம்மாறு செய்ய இயலாதவரின் பசியைக் களைபவரிடமே உலகத்தின் மெய்யான வாழ்க்கை நிற்கிறது என்பது அப்பகுதியின் கருத்து. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரும் புறநானூற்றில், மறுமைப் பயனை எண்ணிக் கொடுக்கும் வாணிகன் அல்லன் ஆய் என்று இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஆனால் கடையில் அமர்ந்து நாழியால் அளந்து விற்ற ஒருவர் இச்சொல்லை எடுத்தாளும்போது அதற்குத் தனி வலிமை வந்துவிடுகிறது. விலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். விலைக்கு விற்பதில் தவறில்லை, நெல்லை விற்கலாம்; விற்கலாகாத ஒன்றை விற்பதுதான் தவறு என்னும் வரம்பை அவரே கீறுகிறார்.

இச்சொல்லை வைத்துக்கொண்டு என் மாணவருக்கு நான் தந்த விடையைப் பார்த்தால் அதன் ஓட்டை தெரிகிறது. கடையை விட்டு மருத்துவமனைக்குப் போவதே ஓர் ஏற்றம் என்று எண்ணினேன். பணம் கட்ட வல்லவரின் நாடியை மட்டும் பிடிக்கும் மருத்துவர், சாத்தனாரின் கணக்குப்படி, வணிகரே. அதுவும் அறவிலை வணிகர். அவர் தொழிலை மாற்றவில்லை, கடையை மாற்றினார், அவ்வளவே. சம்பள நாள் வரை கடன் கொடுத்து, தோட்டத்தில் வேலை நின்றுபோன குடும்பத்துக்கும் ஒரு படி அரிசி அளந்து கொடுத்த கடைக்காரர்களை நம் வட்டாரத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அளவில் ஏய்த்தவர்களும் இருந்தார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

காப்பியத்தில் இன்னொன்றையும் காண்க. அமுதசுரபி மணிமேகலைக்குக் கிடைத்தபோது வெறும் பாத்திரமே. அதில் முதற்பிச்சை விழ வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது? அவளுக்கு வழி காட்டியவள் காயசண்டிகை. முனிவன் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசி நோய் பற்றி, பன்னிரண்டு ஆண்டுத் துன்பத்தில் கிடப்பவள். ஆதிரையின் வீட்டுக்குப் போ என்கிறாள் அவள். ஆதிரை யார்? சாதுவன் என்னும் வணிகனின் மனைவி. சாதுவனோ குற்றமற்றவன் அல்லன். கணிகையை நாடி, சூதில் பொருளிழந்து, பின்னர்க் கடல் வாணிகத்துக்குப் புறப்பட்டு, கலம் உடைந்து நாகர் மலையில் கரை ஒதுங்கியவன். நாகர் தலைவனோடு அவன் மொழியிலேயே பேசி, கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாதிருக்கச் செய்து, சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் திரும்பியவன். அயல்மொழி கற்றிருந்ததால் உயிர் பிழைத்தான். அது வணிகனுக்கு உரிய கல்வி. அந்த வணிகன் வீட்டுச் சோறுதான் அமுதசுரபியில் முதலில் விழுகிறது. பிறகே மணிமேகலை ஒரு பிடி கொடுக்க, காயசண்டிகையின் நோய் தீர்கிறது.

வேறு ஒரு கவிஞராக இருந்தால் முதற்பிச்சையை அரண்மனையிலிருந்தோ முனிவரிடமிருந்தோ பெற வைத்திருப்பார். சாத்தனார் வணிகன் இல்லத்தில் பெற வைத்தார். நோயாளி வழி காட்ட, வணிகன் மனைவி பொருள் தர, மணிமேகலை மருத்துவம் செய்கிறாள். திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்வோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்ததோடு இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! மாணவர்க்கு இவ்விரண்டையும் சேர்த்து நடத்தலாம். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளில் பெரும்பகுதி, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பது பற்றியது என்பதையும் அப்போது சுட்டிக்காட்ட வேண்டும். மருத்துவம் பற்றிப் பேச வந்த வள்ளுவர் சோற்றின் அளவைத்தான் அதிகம் பேசுகிறார்.

காப்பியத்தில் என்னை மிகவும் ஆட்கொள்ளும் பகுதி ஆபுத்திரன் கதை. நம் மண்ணுக்கு நெருங்கியதும் அதுவே. பெற்றவளால் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் காக்கப்பட்டு, வேள்விப் பசுவை விடுவித்ததற்காக ஊரார் விரட்ட, மதுரைக்கு வந்து பிச்சை எடுத்து ஊனமுற்றோர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டவன் அவன். ஒரு மழைநாள் நள்ளிரவில் பசித்து வந்தவர்க்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் கலங்கியபோது, சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுத்தாள். அது முதல் அவன் புகழ் பரவியது. பொறாத இந்திரன் என்ன செய்தான்? அவனைத் தாக்கவில்லை, பாத்திரத்தைப் பறிக்கவும் இல்லை. பாண்டி நாட்டில் நல்ல மழையைப் பெய்வித்தான். விளைச்சல் பெருகியது. பசித்தவர் இல்லாது போயினர். அம்பலங்களில் வேலையற்றோர் கூடிச் சூதாடினர். உண்ண யாரேனும் உண்டா என்று ஊர் ஊராய்க் கேட்டுத் திரிந்த ஆபுத்திரனை மக்கள் எள்ளி நகையாடினர்.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நாடு செழித்ததற்கு மகிழ வேண்டியவன் அன்றோ அவன்? நோயில்லாத ஊரில் மருத்துவன் வருந்தலாமா? சாத்தனார் இவ்விடத்தில் விடை சொல்லாமல் கதையை நகர்த்துகிறார். ஆனால் ஆபுத்திரனின் துயரத்தில் தொண்டு செய்வோர்க்கு உரிய ஓர் ஆபத்து ஒளிந்திருப்பதை என்னால் காணாமல் இருக்க முடியவில்லை. கொடுப்பவனுக்கும் வாங்குவோர் வேண்டும். வாங்குவோர் இல்லாதபோது அவன் தான் யார் என்றே அறியாமல் திகைக்கிறான். மருத்துவராக வேண்டும் என்று எழுதும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் நோயாளியை எண்ணி எழுதுகிறார்கள், எத்தனை பேர் வெள்ளை அங்கியை எண்ணி எழுதுகிறார்கள் என்று கேட்டால் விடை நமக்கே தெரியும்.

அவ்வேளையில் கலத்தில் வந்தவர்கள் ஒரு செய்தி சொல்கிறார்கள்: சாவகத்தில் மழையில்லை, மக்கள் சாகிறார்கள். சாவகம் என்பதை நம் மலாய்த் தீவுலகின் ஒரு பகுதியாகவே அறிஞர் பலர் கொள்கின்றனர். ஆபுத்திரன் கலமேறுகிறான். இடையில் காற்றுக்காக மணிபல்லவத்தில் கலம் நிற்கிறது. அவன் இறங்கியதை அறியாமல், ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலத்தார் இரவில் பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். அவன் கையில் ஊருக்கே சோறிடும் பாத்திரம்; தீவில் ஓர் ஆளும் இல்லை. பல உயிரைக் காக்கும் பாத்திரத்தால் தன் ஓர் உயிரை மட்டும் காத்துக்கொள்ள மனம் ஒப்பாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். மறுபிறப்பில் அதே சாவகத்தில் நாகபுரத்து அரசனாகிறான்.

மருந்து ஓரிடம், நோயாளி வேறிடம், இடையில் தவறவிட்ட ஒரு கப்பல். இந்தத் துயரத்தை இவ்வளவு நுட்பமாக எழுத ஒரு வணிகரால்தான் முடியும் என்பது என் துணிபு. சரக்கு கிடங்கில் இருந்தால் போதாது. வேண்டியவர் வாசலுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பது கடை நடத்தியவர் அன்றாடம் கண்ட உண்மை. ஆபுத்திரனிடம் இரக்கம் இருந்தது, பாத்திரம் இருந்தது, கப்பல் நேரம் தெரியவில்லை!

சோற்றுக்கும் நோய்க்கும் உள்ள உறவு வெறும் கவியுருவகம் அன்று என்பதை மெய்ப்பித்த நாடு நம் நாடு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று சாவார்கள். காரணம் தெரியவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன், வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியை உண்டவர்க்கே அந்நோய் மிகுதியாக வருவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அது அரிதாயிருப்பதையும் கண்டு 1907-இல் நூலாகவே எழுதினார். கோலாலம்பூரில் மனநோயாளர் இல்லத்தில் பிளெட்சர் என்னும் மருத்துவர், ஒரு பகுதியினர்க்குத் தீட்டிய அரிசியும் மறு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற்பகுதியில் பலர் நோயுற்று இறந்தனர். மற்றப் பகுதி ஏறத்தாழ முழுதும் தப்பியது. பின்னர், 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் தொழிலாளரிடையே செய்த ஆய்வு இதை உறுதி செய்தது. தவிட்டோடு போய்விடும் சத்து, நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அச்சத்தைத் தயமின் என்று பின்னாளில் பெயரிட்டனர்.

அந்நாளில் தோட்டத்துத் தமிழர்க்குப் புழுங்கலரிசி மூட்டையை இறக்கி விற்ற கூலவாணிகர், தாம் அறியாமலே மருந்து விற்றார். அவர் மருத்துவர் அல்லர். ஆனால் எந்த அரிசியைக் கொண்டு வருவது என்பதில் மருத்துவம் இருந்தது. டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் தம் கண்ணாடி வில்லைகளால் நுண்ணுயிர்களை முதன்முதலாகக் கண்ட வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. அறுவை வாணிகரைப் பார்த்துச் சிரித்த மாணவனுக்கு அதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை, நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டான்.

மணிமேகலையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. திறனாய்வு என்ற பெயரில் பாராட்டை மட்டும் அடுக்குவது முறையன்று. காப்பியத் தலைவி உண்மையில் முடிவு எடுக்கிறாளா? தூங்குகிறவளை மணிமேகலா தெய்வம் தூக்கிச் சென்று தீவில் இறக்குகிறது, பழம்பிறப்புத் தெரிகிறது, வானில் பறக்க மந்திரம் கிடைக்கிறது, பாத்திரம் பொய்கையிலிருந்து தானே கைக்கு வருகிறது. செலவு இல்லை, படிப்பு இல்லை, விட்டுவிட்டு வந்த கடைக்கு வாரிசு யார் என்ற கவலை இல்லை. தானியம் எங்கிருந்து வருகிறது என்று வேறு யார் கேட்காவிட்டாலும் கூலவாணிகர் கேட்டிருக்க வேண்டும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுத்து அக்கேள்வியை அவர் தாண்டிப் போய்விட்டார். இருபத்தேழு வயதில், இரண்டு தங்கைகளும் கடன் புத்தகமும் கையிலிருக்க, தலைமையாசிரியர் அறையில் வந்து நிற்பவருக்கு எந்தத் தெய்வமும் விமானம் அனுப்புவதில்லை.

ஆயினும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் ஒரு காட்சி 28-ஆம் காதையில் உண்டு. பலரும் விரைந்து கடந்துவிடும் காட்சி அது. மகன் கோவலனின் கொலைக்குப் பிறகு தன் செல்வத்தையெல்லாம் கொடுத்துவிட்டுத் துறவு பூண்ட மாசாத்துவானை, வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கிறாள். பாட்டனும் பேத்தியும் பேசுகிறார்கள். புகார் கடலுக்கு இரையானதை அவர் சொல்கிறார். (எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்பாங் பெச்சா என்றாலே உடைந்த அணை என்று பொருள். 1883-இல் அணை உடைந்து பழைய குவாலா குபுவை வெள்ளம் கொண்டுபோன கதையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.) பிறகு பாட்டன் சொல்வதுதான் முக்கியம். காஞ்சியில் மழை பொய்த்தது, உயிர்கள் மடிகின்றன, இடுவோர் இல்லை, உன் பாத்திரத்தோடு அங்கே போ என்கிறார். எந்தச் சந்தையில் எது இல்லை என்று அறிந்து வாழ்ந்த முதிய வணிகர், தொழிலைத் துறந்த பிறகும் அந்த அறிவைத் துறக்கவில்லை. பேத்திக்கு அவர் விட்டுச்சென்ற முதுசொம் அதுவே. ஆபுத்திரன் தவறவிட்ட கப்பலை மணிமேகலை தவறவிடாததற்கு இப்பாட்டனின் சொல் காரணமாகிறது.

என் மாணவரிடம் அந்த மாலையில் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று என் விடையைக் கேட்டு அவர் மகிழவில்லை. சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எது உயர்ந்தது என்று நான் கேட்கவில்லை, ஐயா" என்றார். பிறகுதான் தாம் வந்த காரணத்தைச் சொன்னார். தோட்டத்து மூதாட்டி ஒருவர் நாள்தோறும் கடைக்கு வந்து சீனியும் பால் டின்னும் கடனுக்கு வாங்கிச் செல்வார். இனிப்பு நீர் நோய் முற்றி, மருத்துவமனையில் அவருடைய காலை எடுத்துவிட்டார்கள். அன்றிரவு கணக்குப் பார்க்க அமர்ந்தபோது அவருடைய பக்கம் கண்ணில் பட்டது. "ஐந்து வருடமாக அவர் நோய் வளர்ந்ததை என் கையாலேயே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், ஐயா. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை."

நான் வாயடைத்துப் போனேன். பள்ளி ஆண்டு மலரும் முதல் மருத்துவரும் எங்கோ போய்விட்டன. மேற்கொண்டு என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை; பொதுவாக ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அவர் போனார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தந்தையின் நிலத்தை விற்று, இந்தியாவில் ஒரு தனியார் கல்லூரியில் தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு அமர்ந்து படித்தார். திரும்பி வந்து அரசாங்க மருத்துவராக வெளி மாநிலத்தில் பணியாற்றுகிறார். ஆண்டு மலரில் அவர் பெயரை அச்சிட அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார். கடையை விட்டது சரிதானா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "கடையில் இருந்தபோது எல்லார் பெயரும் தெரியும், ஐயா. இப்போது ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறேன், ஒருவர் பெயரும் நினைவில் நிற்பதில்லை" என்றார். அதில் வருத்தம் இருந்தது. ஆனால் திரும்பிப் போக விரும்புகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தார். பழையபடி வாழ்த்துச் சொல்லக் கடைப்பக்கம் போனேன். தோட்டத்தில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. நம்மவர் சில குடும்பங்களே இருக்கின்றன. தம்பி வாடிக்கையாளருக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கல்லாவுக்குப் பின்னே பழைய முக்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, கடன் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். யார் பெயருக்கு எதிரே எவ்வளவு சீனி என்று விரல் வைத்துப் பார்த்து, சில பெயர்களைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதை அவர் உடனே கவனிக்கவில்லை.